தமிழ் எழுத்து உருப்பெறும் இடம்: மையக் கணினிச் செயலிகளும் தின் கிளையன்ட் முனையங்களும்

ஆய்வுச் சுருக்கம்

தின் கிளையன்ட் முறையில் செயலி ஓரிடத்தில் ஓடுகிறது. அதன் திரை வேறோரிடத்தில் விரிகிறது. இவ்விரண்டு இடங்களுள் தமிழ்க் குறியெண் எழுத்து வடிவமாக மாறுவது எங்கே என்பதே இக்கட்டுரையின் வினா. எக்ஸ் விண்டோ, ஆர்.டி.பி., வி.என்.சி. ஆகிய நெறிமுறைகள் இவ்வேலையை ஒரே முனையில் வைக்கவில்லை. அவ்வேறுபாடு பழைய எழுத்துருக் கோப்புகளைப் படித்தல், தமிழ்99 தட்டச்சு, புள்ளியின் தெளிவு, நகலெடுப்பு, பார்வையற்ற ஆய்வாளரின் பயன்பாடு ஆகியவற்றில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பது இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தின் கிளையன்ட், மையக் கணினி, முனையம், எழுத்துரு, ஒருங்குறி, பாமினி, தமிழ்99, புள்ளி

முன்னுரை

தமிழில் கணினிவழி எழுதப்பட்டவை இருவகையாகக் கிடக்கின்றன. ஒருவகை ஒருங்குறியில் அமைந்தவை. மற்றொருவகை, ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு எட்டுபிட் எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகளும் பதிப்புகளும் இதழ்களும் ஆகும். இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பெருவழக்காக இருந்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் கோப்பினுள் தமிழாக இருப்பதில்லை. ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே அது சேமிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் கோப்பைத் திறப்பவர் அந்த நான்கு எழுத்துகளையும் அரைப்புள்ளியையும் அப்படியே காண்பார்.

ஒரு துறையின் கணினிகளை நீக்கிவிட்டு, மையக் கணினி ஒன்றோடு இணைந்த முனையங்களை வைக்கும்போது இக்கோப்புகளின் நிலை என்னவாகும் என்பதற்கு விடை, எழுத்தை வரையும் வேலை எந்த முனையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. விலைப்புள்ளிகளிலும் கொள்முதல் அறிக்கைகளிலும் நினைவகம், மின்செலவு, உரிமக் கட்டணம் ஆகியன பேசப்படுகின்றன. எழுத்து வரையப்படும் இடம் பேசப்படுவதில்லை. தமிழ் போன்ற மொழிக்கு அதுவே முதலில் கேட்கவேண்டிய வினா.

செயலி ஓடும் இடம்

பலர் ஒரே கணினியை முனையங்கள்வழிப் பகிர்ந்துகொள்வது புதிதன்று. 1961ஆம் ஆண்டு மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்னும் காலப்பகிர்வு அமைப்பு அதன் தொடக்கங்களுள் ஒன்று. 1971இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய 3270 வரிசை முனையங்களின் பொது வடிவம் 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்டது. ஒரு திரைக்கு 1,920 எழுத்துகள். மையத்திலிருந்து எழுத்தின் குறியெண் மட்டும் வரும். வடிவம் முனையத்துள்ளேயே இருக்கும். முனையம் அறியாத எழுத்தை எவரும் அதற்கு அனுப்ப இயலாது.

தனிக் கணினி பரவிய பின்னும் இம்முறை மறையவில்லை. 1989இல் எட் இயாகோபுச்சி நிறுவிய சிட்ரிக்ஸ், விண்டோஸ் என்.டி. 3.51ஐப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்துமாறு மாற்றி 1995இல் வின்பிரேம் என வெளியிட்டது. அந்நுட்பத்தை உரிமம் பெற்று மைக்ரோசாப்ட் 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பைக் கொணர்ந்தது. 1999இல் ஜிம் மெக்குயிலன் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், கழிக்கப்பட்ட பழைய கணினிகளைக்கூட முனையங்களாக்கிப் பள்ளிகளுக்கு வழிகாட்டியது.

இவை அனைத்திலும் அடிப்படை ஒன்றே. சொற்செயலி, அகராதி மென்பொருள், தரவுத்தளம் ஆகியன மையக் கணினியின் நுண்செயலியில், அதன் நினைவகத்தில் ஓடுகின்றன. பயனரின் மேசையில் திரை, விசைப்பலகை, சுட்டி, வலைத்தொடர்பு ஆகியனவே தேவை. முப்பது பேர் ஒரே சொற்செயலியைத் திறந்தாலும் நிரலின் மாறாத பகுதி நினைவகத்தில் ஒருமுறையே இடம்பெறும். ஒவ்வொருவரின் ஆவணமும் அமைப்புகளும் மட்டுமே தனித்தனியே இடம்கொள்ளும். முப்பதாவது பயனரால் கூடும் சுமை முதற்பயனரால் வந்த சுமையைவிடக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தனியொருவருக்கென எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் இவ்வேற்பாட்டில் இடறுவதும் உண்டு. தன் அமைப்புகளை விண்டோஸ் அடைவிலுள்ள ஒரு கோப்பில் எழுதிவைக்கும் மென்பொருளில் ஒருவர் செய்த மாற்றம் அனைவரையும் தொடும். இதனைத் தவிர்க்கவே டெர்மினல் சர்வரில் மென்பொருளை நிறுவுவதற்கென ஒரு தனி நிலை அமைக்கப்பட்டது. அந்நிலையில் நிறுவினால் அமைப்புக் கோப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனிப்படியாகப் பிரிக்கப்படும். பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களை மையத்தில் ஏற்றுவோர் கவனிக்கவேண்டிய செய்தி இது.

முனையம் இயங்கத் தொடங்கும் முறை

வட்டு இல்லாத முனையத்தின் மின்விசையை அழுத்தியதும் அதன் வலை அட்டையிலுள்ள சிறுநிரல் வலையமைப்பை நோக்கி முகவரி கேட்கிறது. டி.எச்.சி.பி. வழங்கி அதற்கு ஒரு முகவரியையும் தொடக்கக் கோப்பின் பெயரையும் தருகிறது. அக்கோப்பு டி.எஃப்.டி.பி. என்னும் எளிய கோப்புமாற்ற நெறியால் இறங்குகிறது. அதன்வழி லினக்ஸ் கருவகம் நினைவகத்தில் ஏறுகிறது. பிற கோப்புகள் மையத்தின் வட்டிலிருந்து படிக்கப்படுகின்றன. இறுதியில் நுழைவுத்திரை தோன்றுகிறது. அதில் பெயரும் கடவுச்சொல்லும் இட்ட நொடியிலிருந்து பயனர் உண்மையில் மையக் கணினியில்தான் இருக்கிறார். முனையம் பழுதானால் வேறொரு முனையத்தில் அமர்ந்து விட்ட இடத்திலிருந்தே தொடரும் வசதி விண்டோஸ் டெர்மினல் சர்வரில் உண்டு; சன் நிறுவனத்தின் சன் ரே முனையங்களிலும் இருந்தது. மையம் பழுதானால் அனைவரும் எழுந்து வெளியே செல்லவேண்டியதுதான்.

எழுத்துரு முனையத்தில் இருந்த காலம்

1984இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ் விண்டோ அமைப்பின் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. அதன் கலைச்சொல் வழக்கு புதியவரைக் குழப்பும். திரையையும் விசைப்பலகையையும் வைத்திருக்கும் மேசைக் கருவியே அங்கு 'சர்வர்' எனப்படும். மையத்தில் ஓடும் செயலி 'கிளையன்ட்' எனப்படும். திரை என்னும் வளத்தை வழங்குவது மேசைக் கருவியாதலின் அப்பெயர் தருக்கப்படி சரியே. எனினும் தின் கிளையன்ட் பற்றிய உரையாடலில் இரு சொற்களும் இடம் மாறிவிடுவதால் இக்கட்டுரையில் மையம், முனையம் என்னும் சொற்களே ஆளப்படுகின்றன.

எக்ஸின் தொடக்க அமைப்பில் எழுத்துருக்கள் முனையத்தின் பொறுப்பில் இருந்தன. 'இந்த இடத்தில், இந்த எழுத்துருவில், இந்த எண்களுக்குரிய வடிவங்களை இடமிருந்து வலமாக வரை' என்று மையம் கட்டளை அனுப்பும். முனையம் தன்னிடமுள்ள எழுத்துருவிலிருந்தோ எழுத்துரு வழங்கி என்னும் மூன்றாம் கணினியிலிருந்தோ வடிவங்களை எடுத்து வரையும். வலைத்தொடர்பு மெதுவாக இருந்த காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. ஓர் எழுத்துக்கு ஓரிரு பைட்டுகள் போதும்.

ஆனால் இக்கட்டளை ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்றே கொள்கிறது. ஒருங்குறித் தமிழ் அவ்வாறு அமையவில்லை. 'கொ' என்னும் உயிர்மெய் ஒருங்குறியில் ககரக் குறியெண்ணும் ஒகர உயிர்க்குறியின் குறியெண்ணும் என இரண்டே எண்கள். திரையிலோ ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். பின்னால் சேமிக்கப்பட்ட குறியின் ஒரு பாதி முன்னால் வந்து நிற்கிறது. கு, கூ எனத் தொடங்கி 18 மெய்களோடு உகர ஊகாரம் சேர்ந்த 36 எழுத்துகளும், டி, டீ ஆகியனவும் இரண்டு குறியெண்கள் கூடி ஒரே வடிவமாவன. இம்மாற்றத்தைச் செய்ய எழுத்துருவில் விதிகளும், அவ்விதிகளை இயக்கும் நிரலும் வேண்டும். எக்ஸின் பழைய வரைகட்டளைக்குள் அந்நிரலுக்கு இடமில்லை.

இக்குறையைத் திஸ்கி என்னும் எட்டுபிட் குறியீடு தாண்டிச் சென்றது. அது எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. கொம்புக்கு ஓர் எண், ககரத்துக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண். இடமிருந்து வலமாக வரைந்தால் 'கொ' வந்துவிடும். எக்ஸின் மொழி அமைப்புகளுள் திஸ்கிக்கும் ஓர் இடம் தரப்பட்டிருந்தது. திஸ்கியை வெறும் இடைக்காலத் தீர்வு என்று ஒதுக்குவோர், அக்கால வரைமுறைகளோடு அது எவ்வளவு பொருந்தியிருந்தது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

2000ஆம் ஆண்டளவில் கீத் பாக்கார்டு வடிவமைத்த 'ரெண்டர்' நீட்சி இந்த ஏற்பாட்டைத் திருப்பிப்போட்டது. எழுத்துருக் கோப்பு மையத்துக்கு வந்தது. எழுத்துகளைக் கூட்டுவதும் முன்பின் மாற்றுவதும் செயலி ஓடும் இடத்திலேயே நடந்தன. முடிந்த வடிவங்கள் மட்டும் முனையத்துக்குச் சென்றன. ஒருங்குறித் தமிழ் லினக்ஸ் முனையங்களில் ஒழுங்காகத் தெரிந்ததற்கு இவ்விடமாற்றம் ஒரு முதன்மைக் காரணம்.

படமாக வரும் எழுத்து

விண்டோஸின் ஆர்.டி.பி. நெறிமுறை தொடக்கம் முதலே வேறு வழியில் சென்றது. எழுத்துரு மையத்தில்தான் இருக்கும். ஓர் எழுத்து வடிவம் முதன்முறை தேவைப்படும்போது அதன் சிறு படம் முனையத்துக்கு அனுப்பப்படும். முனையம் அதனைச் சேமித்துக்கொள்ளும். அடுத்தமுறை அவ்வடிவம் வேண்டும்போது சேமிப்பின் வரிசையெண் மட்டும் சென்றால் போதும். கருப்பு வெள்ளையில் 20க்கு 24 புள்ளிகள் கொண்ட எழுத்துப்படம் 60 பைட்டுகளே. 1998இல் கேம்பிரிட்சு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த வி.என்.சி. இன்னும் எளியது: எழுத்து, கோடு, வட்டம் என்னும் வேறுபாடு எதுவுமின்றித் திரையில் மாறிய செவ்வகத்தின் புள்ளிகளை மட்டும் அனுப்புகிறது.

இவ்விரு முறைகளிலும் முனையத்துக்குத் தமிழ் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. பாமினிக் கோப்புக்குரிய விடை இங்குக் கிடைக்கிறது. மையக் கணினியில் ஒரே ஒருமுறை பாமினியை நிறுவினால், துறையின் எல்லா முனையங்களிலும் அக்கோப்பு தமிழாகவே தெரியும்.

படமாக அனுப்புவதன் விலை வலைத்தொடர்பில் தெரிகிறது. 1,920க்கு 1,080 புள்ளிகள் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் ஒரு திரைப்படம் ஏறத்தாழ 6.2 மெகாபைட்டு. நொடிக்கு 60 முறை முழுத்திரையும் மாறினால் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் வேண்டும். மாறிய பகுதியை மட்டும் அனுப்புதல், அமுக்குதல், முன்னனுப்பியதை மறுபடி பயன்படுத்துதல் ஆகிய உத்திகள் இப்பெருக்கத்தை அடக்குகின்றன. பதிப்புப் பணியில் திரையின் பெரும்பகுதி அசையாமல் கிடப்பதால் இம்முறை அங்கு நன்கு பொருந்தும். காணொளி பார்ப்பவருக்குப் பொருந்தாது.

விசையின் பயணம்

எழுத்து மையத்திலிருந்து வருவதுபோல் விசை மையத்துக்குச் செல்கிறது. ஆர்.டி.பி.யில் பொதுவாகச் செல்வது எழுத்தன்று. எந்த விசை அழுத்தப்பட்டது, எது விடப்பட்டது என்னும் எண் மட்டுமே. அவ்வெண் ககரமா அகரமா என்பதை மையத்திலுள்ள விசைப்பலகை அமைப்பு முடிவுசெய்கிறது. எனவே மேசையில் நிறுவப்பட்ட தமிழ்த் தட்டச்சு மென்பொருள் மையத்தில் ஓடும் செயலிக்குப் பொதுவாக உதவாது. மையத்திலும் அது நிறுவப்படவேண்டும். இரு பக்கமும் ஒருங்கே இயங்கினால் விளைவை முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தமிழ்99 விசைப்பலகையில் இச்செய்தி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. அதில் ககர விசையை இருமுறை அழுத்தினால் முன்னைய ககரத்தின்மேல் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகும். அதாவது, ஒரு விசை ஏற்கெனவே திரையில் உள்ள எழுத்தையும் மாற்றுகிறது. தனிக் கணினியில் இது கண்ணிமைக்குள் நடந்துவிடும். தின் கிளையன்ட் முறையில் விசையெண் மையத்துக்குச் சென்று, எழுத்து மாறி, புதிய படம் திரும்ப வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையில் அமர்ந்து, சுமார் 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் மும்பையிலுள்ள மையத்தில் தட்டச்சிடுபவருக்கு ஒளி சென்று திரும்புவதற்கே 10 மில்லிநொடி ஆகும். அது பொறுக்கத்தக்கதே. நெரிசல், அமுக்கம், விரிவாக்கம் ஆகியன சேர்ந்து 100 மில்லிநொடியைத் தாண்டும்போதுதான் தயக்கம் கண்ணுக்குப் படும். புள்ளி வரவில்லையென்று எண்ணி மூன்றாம் முறை விசையை அழுத்துபவர் பிறகு அழித்துத் திருத்தவேண்டியிருக்கும். ஒரே வளாகத்தின் உள்வலையில் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது.

புள்ளியும் அமுக்கமும்

மெய்யெழுத்துக்குப் புள்ளி இயல்பு என்று தொல்காப்பிய நூன்மரபு வகுத்தது. ஓலைச்சுவடியில் எழுதியோர் அப்புள்ளியைப் பெரும்பாலும் இடாமல் விட்டனர். படிப்பவர் சூழலைக்கொண்டு மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தனர். பாடவேறுபாடுகள் பல அதனால் எழுந்தன. தொலைத்திரையின் பட அமுக்கம் அதே சிக்கலை வேறு வழியில் மீண்டும் கொண்டுவரக்கூடும்.

சிறிய எழுத்தளவில் புள்ளி என்பது திரையின் ஓரிரு படப்புள்ளிகளே. ஒளிப்படங்களுக்கென வடிவமைக்கப்பட்ட, இழப்புள்ள அமுக்கமுறைகள் நுண்ணிய மாற்றங்களைக் கைவிட்டு அளவைக் குறைக்கின்றன. காணொளிக்குரிய எச்.264 முறையின் வழக்கமான வடிவம், நிறத்தகவலை நான்கு படப்புள்ளிகளுக்கு ஒன்றாகச் சுருக்குகிறது. மலையின் படத்தில் இவ்விழப்பு தெரியாது. வண்ண எழுத்திலும், எழுத்தின் விளிம்பு நயமாக வரையப்படும் இடங்களிலும் தெரியும். நிறத்தகவலைச் சுருக்காமல் அனுப்பும் வகையை மைக்ரோசாப்ட் ஆர்.டி.பி.யின் பத்தாம் பதிப்பில் சேர்த்தது. எழுத்தின் தெளிவே அதன் நோக்கம். வேறு சில நெறிமுறைகள் முதலில் மங்கலான படத்தை அனுப்பி, திரை அசையாதிருக்கும்போது இழப்பற்ற படமாக நிறைவு செய்கின்றன. கல்வெட்டு வாசகத்தையோ சுவடியின் படியையோ மெய்ப்புப் பார்க்கும் அறையில், விரைவுக்காக அமுக்கத்தைக் கூட்டும் அமைப்பு தவறான தேர்வாகும். ஆங்கிலத்தில் இழக்கப்படும் ஒரு புள்ளி பெரும்பாலும் 'ஐ' எழுத்தின் தலைப்புள்ளி, படிப்பவர் நிரப்பிக்கொள்வார். தமிழில் அது 'பட்டு', 'படடு' என்னும் வேறுபாடு.

காணும் எழுத்தும் நகலெடுக்கும் எழுத்தும்

முனையத்துக்கும் மையத்துக்கும் இடையே படமாகச் செல்லாத ஒன்று உண்டு. மையச் செயலியில் ஒரு வரியைத் தெரிவுசெய்து நகலெடுத்து, மேசைக் கணினியின் சொந்தச் செயலியில் ஒட்டும்போது செல்வது குறியெண். திரையில் 'தமிழ்' எனக் கண்ட பாமினிச் சொல், எழுத்துரு இல்லாத மேசைக் கணினியில் ஒட்டப்பட்டதும் மீண்டும் அந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகிறது. ஒருங்குறிச் சொல் எவ்விடத்தும் தமிழாகவே இருக்கும். மையத்தில் எழுத்துருவை நிறுவுவது பழைய கோப்பைக் காட்டுகிறதேயன்றி மீட்பதில்லை. அக்கோப்பில் ஒருங்குறித் தமிழில் தேடினால் எதுவும் கிடைக்காது. தொடரடைவு உருவாக்கவும் இயலாது. எல்லா முனையங்களிலும் நன்றாகத் தெரிகிறது என்பதாலேயே ஒருங்குறிக்கு மாற்றும் பணியைத் தள்ளிப்போடும் துறைக்கு, மையக் கணினியை மாற்றும் நாளில் அச்சிக்கல் முழுமையாகத் திரும்பிவரும்.

திரைபடிப்பி

பார்வையற்ற ஆய்வாளர் பயன்படுத்தும் திரைபடிப்பி மென்பொருள் படப்புள்ளிகளைப் படிப்பதில்லை. செயலியிடம் 'இங்கு என்ன எழுத்து உள்ளது' என்று வினவி, கிடைத்த குறியெண்களைக் குரலாக்குகிறது. முனையத்துக்கு வருவது படமாக இருக்கும்போது, முனையத்தில் நிறுவிய திரைபடிப்பிக்கு அத்திரை எழுத்தற்ற ஓவியம். இதற்கு இரு வழிகள் உள்ளன. திரைபடிப்பியை மையத்திலேயே ஓட்டி ஒலியை மட்டும் முனையத்துக்கு அனுப்பலாம்; வலைத்தயக்கம் ஒலியில் கூடுதலாக உறுத்தும். அல்லது திரைபடிப்பியின் ஒரு பகுதியை இருபுறமும் வைத்து, ஆர்.டி.பி. தரும் துணைத்தடத்தின்வழி குறியெண்களை அனுப்பி மேசையில் குரலாக்கலாம். இரண்டுமே மைய நிருவாகி முன்கூட்டி ஏற்பாடு செய்யவேண்டியவை. பயனர் தாமாக நிறுவிக்கொள்ள இயலாதவை. தனிக் கணினியில் தமக்குவேண்டிய தமிழ்க்குரலைத் தாமே அமைத்துக்கொண்டிருந்த ஒருவர், முனையம் வந்த நாளில் பிறர் உதவியை எதிர்பார்ப்பவராகிறார். கொள்முதலுக்கு முன் அவரை அமர்த்திச் சோதிப்பதே முறை.

உலாவியின் வழி

இன்று மையத்தில் அமைந்த செயலி என்றால் பலர் எண்ணுவது உலாவியில் திறக்கும் சொற்செயலியையே. ஆவணம் மையத்தில் இருப்பதால் இதுவும் தின் கிளையன்ட் போலத் தோன்றும். ஆனால் வேலைப்பகிர்வு மறுதலையானது. நிரல் இறங்கிவந்து மேசைக் கணினியில் ஓடுகிறது. தமிழ்க் குறியெண்கள் வலைவழி வருகின்றன. அவற்றைக் கூட்டி வரையும் வேலையை உலாவியிலுள்ள ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்தொகுதி செய்கிறது. எழுத்துரு மேசையில் இருக்கவேண்டும் அல்லது பக்கத்தோடு இறங்கவேண்டும். தட்டச்சு மென்பொருளும் மேசையிலேயே இயங்குகிறது; திரைபடிப்பிக்குப் பெரும்பாலும் எழுத்து எட்டுகிறது. இதற்கு ஈடாக மேசைக் கணினி மெலிந்ததாக இருக்க இயலாது.

லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டமும் 2019ஆம் ஆண்டு மறுவடிவமைப்பில் இத்திசைக்கே நகர்ந்தது. முனையம் மையத்திலிருந்து தொடங்கும், கோப்புகளும் மையத்தில் இருக்கும். செயலி மட்டும் முனையத்தின் சொந்த நுண்செயலியில் ஓடும். பயனர் கணக்கும் எழுத்துருவும் விசைப்பலகை அமைப்பும் ஓரிடத்தில் நிருவகிக்கப்பட, எழுத்து வரையப்படுவது மேசையில். காணொளியும் கனத்த வலைப்பக்கங்களும் ஒரே மையக் கணினியைத் திணறச்செய்யும் சூழலில் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு இவ்வேற்பாடு பொருந்துகிறது. பழைய மேசைக் கணினிகளை வைத்திருக்கும் துறை, அவற்றின் நினைவகம் இதற்குப் போதுமா என்று முதலில் பார்க்கவேண்டும். போதாதவற்றை மட்டும் ஆர்.டி.பி. முனையங்களாக்கி, இருவகையையும் ஒரே மையத்தோடு இணைக்க முடியும்.